கல்லில் விடுபட்ட சொல்

சிட்னி மாநகருக்கு வடமேற்கே, ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், ஹாக்ஸ்பரி ஆற்றின் கரையில் விண்ட்சர் என்னும் பழைய ஊர் அமைந்திருக்கிறது. அவ்வூரின் புனித மத்தேயு ஆலயத்தை ஒட்டிய இடுகாட்டில், ஆலயம் எழும்புவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அடக்கம் செய்யப்பெற்ற ஒருவரின் கல்லறை உண்டு. அவர் பெயர் ஆண்ட்ரூ தாம்சன். நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக இருந்த லாக்லன் மக்குவாரி தாமே முன்னின்று எழுப்பிய கல்லறை அது. அதில் பொறிக்கப்பட்ட வாசகம் மிக நீண்டது. சமாதான நீதிபதியாக விளங்கியவர், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பதினேழாம் வயதில் இந்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர், உழைப்பால் உயர்ந்தவர், 1806, 1809 ஆகிய ஆண்டுகளில் ஆறு பெருக்கெடுத்தபோது தம் உயிரைப் பொருட்படுத்தாமல் பிறர் உயிரைக் காத்தவர், 1810 அக்டோபர் 22ஆம் நாள் மறைந்தவர் என்று அக்கல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது.

இறந்தவன் பெருமையைக் கல்லில் எழுதி நிறுத்தும் வழக்கம் தமிழ் பயின்றோர்க்குப் புதிதன்று. நடுகல்லின் இலக்கணம் தெரிந்தவர்கள் இந்தக் கல்லையும் எளிதில் படித்துவிடுவார்கள். ஆயினும் 'அனுப்பப்பட்டவர்' என்ற இடத்தில் அவர்கள் கண் சற்றே நிற்கும். பதினேழு வயது இளைஞனை உலகின் மறுகோடிக்கு அனுப்பியவர் யார்? எதற்காக அனுப்பினார்? கல் விடை கூறவில்லை. திருட்டு என்ற சொல்லோ கைதி என்ற சொல்லோ அத்தனை நீண்ட வாசகத்தில் ஓரிடத்திலும் இல்லை.

அச்சொல் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1790ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஸ்காட்லாந்தின் தென் எல்லையிலுள்ள ஜெட்பர்க் நகரில் கூடிய குற்றவியல் நீதிமன்றம் ஆண்ட்ரூ தாம்சனைத் துணி திருடிய குற்றத்துக்காகப் பதினான்கு ஆண்டுகள் கடல் கடத்தத் தீர்ப்பளித்தது. துணியின் மதிப்பு ஏறத்தாழ பத்துப் பவுன். அந்த ஏட்டைப் பொறுத்தவரை அவர் ஒரு திருடர், வேறு எவருமல்லர். கல்லில் இல்லாத சொல் ஏட்டில் இருக்கிறது. ஏட்டில் இல்லாத மனிதர் கல்லில் இருக்கிறார். இவ்விரண்டுக்கும் இடையே பன்னிரண்டாயிரம் மைல் கடல் கிடக்கிறது. கடத்தப்பட்ட ஒருவரின் தடம் தேடுவோர் ஒவ்வொருவரும் கடக்க வேண்டிய கடல் அது.

1788 முதல் 1868 வரை எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 162,000 பேர் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்குக் கடத்தப்பட்டனர். அவர்களுள் ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் அனுப்பியோர் இருபதில் ஒருவர் என்னும் அளவினரே. காரணம் நாட்டின் சட்டத்தில் இருந்தது. 1707இல் இங்கிலாந்தோடு ஸ்காட்லாந்து இணைந்தபோது நாடாளுமன்றத்தை இழந்ததே அன்றி நீதிமன்றங்களை இழக்கவில்லை. அங்கே ஜூரிகள் பன்னிருவர் அல்லர், பதினைவர். குற்றவாளி, குற்றவாளி அல்லர் என்னும் இரண்டு தீர்ப்புகளோடு, 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்ற மூன்றாவது தீர்ப்பும் இருந்தது. சிறு களவுக்கு உள்ளூர் நீதிமன்றங்களே தண்டனை வழங்கி முடித்துவிடும். பழகிய திருடர் எனப் பெயரெடுத்தவரையும், பெருந்திருட்டுச் செய்தவரையுமே பெரும்பாலும் கடல் கடத்தினர். ஆதலால், ஸ்காட்லாந்திலிருந்து வரும் கைதி உண்மையாகவே பொல்லாதவனாக இருப்பான் என்றொரு பேச்சு குடியேற்ற நாட்டில் உலவியது.

தடம் தேடும் வேலை பின்னோக்கி நடப்பது. இறந்த ஊரிலிருந்து தொடங்கி, குடிக்கணக்குகள், நிலமானிய ஏடுகள், கப்பலின் கைதிப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகப் பின்சென்று, தீர்ப்பு வழங்கப்பட்ட ஊரையும் நாளையும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஊரும் நாளும் கிடைத்தபிறகே எடின்பரோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கதவைத் தட்டுவதில் பயனுண்டு. பெயர் ஒன்றை மட்டும் நம்பிச் செல்வோர் திண்டாடிப் போவார்கள். தாம்சன் என்பது ஸ்காட்லாந்தில் நம்மவரிடையே முருகன் போன்ற பெயர். அதிலும், ஆங்கிலத்தில் அப்பெயரைப் 'பி' என்னும் எழுத்துச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவதுண்டு. சேர்க்காமல் எழுதுவதே ஸ்காட்லாந்தில் மிகுதி. ஒரே ஆளை இரண்டு எழுத்தர்கள் இரண்டு விதமாக எழுதிவிட்டால் ஏட்டில் இரண்டு மனிதர்கள் பிறந்துவிடுகிறார்கள். பெண் கைதிகளைத் தேடுவோர்க்கு மட்டும் ஸ்காட்லாந்து ஒரு சலுகை காட்டுகிறது. அந்நாட்டு ஏடுகள் மணமான பெண்ணையும் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு சேர்த்தே குறிப்பது வழக்கம்.

வழக்கு விசாரணைக்கு முன் சாட்சிகளிடமும் குற்றஞ்சாட்டப்பட்டவரிடமும் எழுதி வாங்கும் வாக்குமூலங்களே ஸ்காட்லாந்து ஆவணங்களுள் மிகச் சுவையானவை. யார் வீட்டுச் சன்னல் வழியே எவர் நுழைந்தார், அப்போது அடுப்பில் என்ன கொதித்தது என்பது வரை அவை பேசும். ஆனால் அவை பெருமளவில் எஞ்சியிருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதற்கொண்டுதான். தாம்சன் பத்தாண்டு முந்திக்கொண்டார். கைதியின் உயரம், கண்ணின் நிறம், உடலிலுள்ள பச்சைக்குத்து முதலிய அடையாளங்களை விரிவாக எழுதும் வழக்கமும் அவர் காலத்துக்குப் பிற்பட்டதே. எனவே 1830இல் கடத்தப்பட்ட பெயரறியாத ஒரு கூலியாளின் முகத்தை இன்று ஓரளவு கற்பனை செய்துகொள்ள முடிகிறது. விண்ட்சர் நகரின் தந்தையாகிய தாம்சனின் முகத்தை அவ்வாறு செய்ய முடியவில்லை.

அவர் பிறந்த ஊர் யெட்டம். இங்கிலாந்து எல்லைக்கு மிக அருகில், செவியட் மலைகளின் அடியில், போமண்ட் என்னும் சிற்றாறு இரண்டாகப் பிரிக்கும் சிறு கிராமம். 1773ஆம் ஆண்டின் ஞானஸ்நானப் பதிவேடு அவருடைய வருகையைக் குறித்து வைத்திருக்கிறது. அந்த மலைநாட்டுக்கு ஒரு பழங்கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டு வரையிலும், அதற்குச் சற்றுப் பின்னும், எல்லையின் இருபுறத்துக் குடிகளும் இரவோடிரவாகச் சென்று ஒருவர் மற்றவரின் ஆநிரைகளைக் கவர்ந்து வந்தனர். கவர்ந்தவரைத் துரத்தி மீட்பதும் அவ்வாறே நடந்தது. வெட்சியும் கரந்தையும் தொல்காப்பியத்துக்கு மட்டும் உரியவை என்று எண்ணியிருக்கும் மாணவர் ஜெட்பர்க் வட்டாரத்து நாட்டுப் பாடல்களின் வரலாற்றைப் பார்த்தால் வியப்படைவர். அந்தக் கொள்ளைத் தலைவர்களைப் பற்றிய பாடல்களைத் தொகுத்து வால்டர் ஸ்காட் 1802இல் நூலாக வெளியிடத் தொடங்கினார். மாடு கவர்ந்த பாட்டனுக்குப் பாட்டு. துணி கவர்ந்த பேரனுக்குக் கப்பல். காலம் மாறிவிட்டிருந்தது. நிலமும் ஆலையும் கடையும் உடைமை என்னும் சட்டத்தின் கீழ் வந்துவிட்ட காலத்தில் களவுக்கு வீரம் என்ற பெயர் கிடைக்கவில்லை.

வறுமை தாளாமல் திருடினார் என்று சொல்லி இரங்கிவிட்டுப் போகவும் தாம்சன் இடந்தரவில்லை. அவருடைய தந்தை நெசவும் சாயத்தொழிலும் துணி வாணிகமும் செய்தவர். மகன் திருச்சபைப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர். தறியோசைக்கு நடுவே வளர்ந்தவர் கண்ணில் ஒரு துணியின் இழையும் விலையும் தப்பியிருக்காது. அப்படிப்பட்டவர் துணியையே திருடியது ஏன் என்ற கேள்விக்கு ஏடுகளில் விடையில்லை. பசியால் திருடியவனை மன்னிப்பது எளிது. தேவையின்றித் திருடிய பதினேழு வயதினனை என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. ஜெட்பர்க் நீதிமன்றம் அவரைப் பெற்றோரிடமிருந்து என்றென்றைக்குமாகப் பிரித்தது. பதினான்கு ஆண்டு என்பது எழுத்தளவில்தான். திரும்பி வர அரசு கப்பல் தருவதில்லை.

'பிட்' என்ற கப்பல் 1792 பிப்ரவரியில் சிட்னி துறைமுகத்தை அடைந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட ஆண் கைதிகள் அதில் வந்தனர். வழியிலேயே பலர் மாண்டனர். இறங்கியவர்களுள் பலர் நோயாளிகள். குடியேற்றம் அப்போது நான்கு வயதுக் குழந்தை. உணவுக் கிடங்கு பாதி காலியாகவே கிடந்தது. எழுத்தறிந்த இளைஞராகிய தாம்சனுக்கு அந்த உணவுக் கிடங்கிலேயே வேலை கிடைத்தது. திருட்டுக் குற்றத்துக்காகக் கடத்தப்பட்டவர் கையில், பட்டினி கிடந்த ஊரின் தானியத்தை ஒப்படைத்தார்கள்! அடுத்த ஆண்டு காவலர் பணியும் வந்தது. கைதிகளே நிறைந்த நாட்டில் காவலரும் கைதிகளாகத்தான் இருந்தாக வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அந்த நம்பிக்கையை அவர் வீணாக்கவில்லை. 1796இல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையிலுள்ள 'பசுங்குன்றுகள்' என்று அன்று வழங்கிய இடத்துக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் விண்ட்சர் ஆனது அவ்விடமே. தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே மன்னிப்பும் கிடைத்தது. நிலம் வாங்கினார், கோதுமை விளைத்தார், படகு கட்டினார், கடை நடத்தினார். 1802இல் தென் ஓடைக்குக் குறுக்கே பாலம் அமைத்துச் சுங்கம் வாங்கும் உரிமையும் பெற்றார். வட்டாரத்தின் தலைமைக் காவலரும் ஆனார்.

1806 மார்ச் மாதம் வந்தது வெள்ளம். ஹாக்ஸ்பரிக் கரையின் வண்டல் நிலந்தான் குடியேற்றம் முழுவதற்கும் சோறிட்ட நிலம். மலைகளுக்கு நடுவே ஒடுங்கிப் பாயும் அந்த ஆறு, மழை மிகுந்தால் வெளியேற வழியின்றிச் சமவெளி முழுவதும் ஏறி நிற்கும். வீட்டுக் கூரைகளிலும் வைக்கோற்போர்களிலும் தொற்றிக்கொண்டு மக்கள் கூக்குரலிட்டனர். தாம்சன் தம் படகுகளை எடுத்துக்கொண்டு இரவும் பகலுமாகச் சென்று அவர்களை ஏற்றி வந்தார். 1809இல் மீண்டும் ஆறு பெருகியபோதும் அதையே செய்தார். அந்த இரண்டாம் வெள்ளத்தில் நனைந்த உடல் பிறகு தேறவே இல்லை.

அவ்வெள்ளத்தில் ஒரு வழக்கும் மிதந்து வந்தது. ஜான் மக்கார்தர் என்னும் செல்வாக்குமிக்க நிலக்கிழாரிடம், இத்தனை புஷல் கோதுமை என்று குறித்த கடன் சீட்டு ஒன்று இருந்தது. கொடுக்க வேண்டியவர் தாம்சன். வெள்ளத்துக்குப் பின் கோதுமை விலை பன்மடங்கு ஏறிவிட்டது. குறித்த அளவுக் கோதுமையே வேண்டும் என்றார் மக்கார்தர். சீட்டு எழுதிய நாளின் விலைப்படியே கணக்கிட வேண்டும் என்றார் தாம்சன். 1807இல் தீர்ப்பு தாம்சன் பக்கம் அமைந்தது. ஆளுநர் பிளையும் அதையே உறுதி செய்தார். மறு ஆண்டு சனவரியில் படையினர் பிளையைக் கவிழ்த்தபோது அதன் பின்னணியில் நின்றவர் மக்கார்தர். பிளையின் பண்ணைகளை மேற்பார்த்து வந்த தாம்சன் தலைமைக் காவலர் பதவியை இழந்தார்.

கல்லறை வாசகம் சொல்லாமல் விட்டவற்றுள் திருட்டு மட்டுமே அடங்கும் என்று எண்ணிவிடலாகாது. ஹாக்ஸ்பரி ஆறு தாருக் மக்களின் ஆறு. அதன் கரையில் விளைந்த கிழங்கு அவர்கள் உணவு. கோதுமை வயல் ஏறிய இடத்திலெல்லாம் கிழங்கு அழிந்தது. பசியால் சோளக்கதிரைப் பறித்தவர்களைக் குடியேறியோர் திருடர் என்றனர், சுட்டனர், அவர்களும் திருப்பித் தாக்கினர். 1805இல் அம்மக்களைத் தாக்கச் சென்ற குழுவொன்றுக்குத் தலைமை தாங்கியவர் தலைமைக் காவலராகிய தாம்சனே. உயிர்கள் மாண்டன. மாண்ட தாருக் மக்களுக்குக் கல் இல்லை. வெள்ளத்தில் படகு செலுத்திய கையும் அதுவே, துப்பாக்கி ஏந்திய கையும் அதுவே. தடம் தேடுவோர் இதையும் எழுதத்தான் வேண்டும்.

1810ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய ஆளுநராக வந்த மக்குவாரியும் ஸ்காட்லாந்துக்காரர். மேற்குத் தீவுகளில் பிறந்து, படையில் சேர்ந்து, சீரங்கப்பட்டண முற்றுகை வரை கண்டவர். தண்டனை முடிந்தவனைச் சமுதாயத்தில் பழைய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வந்த உடனேயே, அந்த சனவரியிலேயே, தாம்சனைச் சமாதான நீதிபதியாக நியமித்தார். முன்னாள் கைதியொருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. தம் விருந்து மேசைக்கும் அழைத்தார். சாமுவேல் மார்ஸ்டன் என்னும் பாதிரியார், புதிய சுங்கச் சாலையின் நிருவாகக் குழுவில் தாம்சனோடும், மற்றொரு முன்னாள் கைதியான சைமன் லார்டோடும் சேர்ந்து பணியாற்ற மறுத்துவிட்டார். மன்னிப்பைப் போதிக்கும் தொழிலுடையவர் மறுத்தார். போர்த்தொழில் பயின்றவர் மன்னித்தார். வரலாறு சில வேளைகளில் இப்படியும் விளையாடும்.

நீதிபதிப் பதவியைத் தாம்சன் பத்து மாதங்கூட வகிக்கவில்லை. இறக்கும்போது குடியேற்றத்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக இருந்தார். சொத்தில் நான்கிலொரு பங்கை ஆளுநருக்கே உயிலில் எழுதிவைத்திருந்தார். மக்குவாரியின் பகைவர்கள் இதைக் கொண்டு பின்னாளில் அவரைக் குறை கூறினர். கல்லறை வாசகமோ இதை மறைக்காமல் பெருமையோடு சொல்கிறது: இழந்த தகுதியைத் திரும்பப் பெற்ற நன்றியுணர்வே அந்தக் கொடைக்குக் காரணம் என்கிறது. 'இழந்த தகுதி' என்ற அந்த ஒரு குறிப்பில்தான் ஜெட்பர்க் நீதிமன்றம் ஒளிந்துகொண்டிருக்கிறது. வாசகம் எழுதியவர் உண்மையை மறுக்கவில்லை. அதன் பெயரைச் சொல்லக் கூசினார். அந்தக் கூச்சம் அவரோடு முடியவில்லை. பின்வந்த தலைமுறைகள் நூறு ஆண்டுக்கும் மேலாகப் பாட்டன் கைதி என்பதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்தன. புனித மத்தேயு ஆலயத்தை வடிவமைத்த பிரான்சிஸ் கிரீன்வே கூடக் கள்ள ஆவணம் புனைந்த குற்றத்துக்காகக் கடத்தப்பட்டவரே. அவர் உருவத்தை 1966இல் ஆஸ்திரேலியா தன் பத்து டாலர் நோட்டில் அச்சிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கைதி மூதாதையரைத் தேடிப் பெருமையோடு எழுதும் காலம் பிறந்தது. ஆஸ்திரேலியக் கைதி ஆவணங்கள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன.

சிங்கப்பூர் வாசகருக்கு இவ்விடத்தில் மற்றொரு நினைவு எழுவது இயற்கை. ஸ்காட்லாந்தின் காவற்புனிதராகிய ஆண்ட்ரூவின் பெயரால் அந்நகரில் நிற்கும் பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. 1825 ஏப்ரல் 18ஆம் நாள் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட முதற் கைதிகள் எண்பது பேரும் மதராஸ் மாகாணத்தவர். அதே பேரரசு, அதே தண்டனை. ஆயுட்கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் 1849இல் ஒழிக்கப்படும்வரை இந்தியாவில் இருந்தது. தாம்சனின் கல்லில் எழுதக் கூசிய சொல்லை, இவர்கள் முகத்திலேயே எழுதினார்கள். அவர்களுடைய தடம் தேடுவோர்க்கு விண்ட்சரில் இருப்பது போன்ற கல் ஒன்றும் கிடைப்பதில்லை. ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய சிதைந்த பெயர்களே கிடைக்கின்றன. மதராஸ் கைதிகளுக்கும் ஏடு உண்டு; அதைத் திறந்து பெயர்களைத் தமிழ் ஒலிக்கு மீட்டுத் தரும் பணி தமிழறிந்தோர்க்கே உரியது.

தாம்சனின் பெயரை மக்குவாரி 1811இல் விண்ட்சரின் சதுக்கத்துக்கு இட்டார். தாம்சன் தாமாக ஓரிடத்துக்கு இட்ட பெயர் வேறு. சிட்னிக்கு வடக்கே, பிட்வாட்டர் என்னும் நீர்ப்பரப்பின் நடுவில், காடடர்ந்த சிறு தீவு ஒன்றுண்டு. அங்கே கடல் நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார். 'ஜார்டி' என்னும் கப்பலொன்றையும் அங்கே கட்டுவித்தார். அத்தீவின் 120 ஏக்கர் நிலம் 1810இல் அவருக்கு மானியமாக வழங்கப்பட்டது. தம்மைத் திருடர் என்று தள்ளிய நாட்டின் பெயரையே அதற்கு வைத்தார். பாலம் இல்லாத அந்தத் தீவுக்கு இன்றும் படகில்தான் செல்ல வேண்டும். அதன் பெயர் ஸ்காட்லாந்துத் தீவு.